யாரையும் திருப்பி அனுப்பாத துளை

கருமலைப் பிரிவு தொழிற்பேட்டையில் அந்தத் துளை வந்ததையெல்லாம் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி டீ வருவதற்குச் சற்று முன்னால். அன்றைக்கு மழை இல்லை, கிரகணம் இல்லை, கரண்ட்கூடப் போகவில்லை. குழந்தைவேலுவின் பட்டறைக்குப் பின்னால், ஸ்கிராப் குவியலின் உச்சியில், சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டுத் தூக்கியெறியப்பட்ட ஒரு வார்ப்பிரும்புக் கட்டி கிடந்தது. செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது, நடுவில் நாற்பது மில்லிமீட்டர் துளை. லேத் மெஷினில் சீவி விழுந்த இரும்புச் சுருளை அள்ள வந்த சரசாத்தாள், கையில் இருந்த ஒரு மெலிந்த இரும்புப் பின்னை வைக்க இடமில்லாமல் அந்தத் துளையில் சொருகினாள். அது அளந்து செய்தது போல நின்றது. எடுத்துவிட்டு அதைவிட இரண்டு மடங்கு தடியான பின்னைச் சொருகினாள்; அதுவும் நின்றது. குடைக்கம்பை விட்டாள், விளக்குமாற்றுப் பிடியை விட்டாள், கடைசியில் தன் சுண்டுவிரலை விட்டாள். விரலைச் சுற்றி இரும்பு இதமாகப் பொருந்திக்கொண்டது. அதற்குள் டீ வந்துவிட்டது, ஆறிவிடும் என்று அவள் போய்விட்டாள்.

சிவப்புப் பெயின்ட் அடித்தவர் தெய்வசிகாமணி. வயது ஐம்பத்தாறு, அதில் இருபத்தெட்டு வருஷம் குழந்தைவேலுவின் பட்டறையில் இன்ஸ்பெக்ஷன் மேஜைக்குப் பின்னால் கழிந்தது. துளைக்கும் பின்னுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதுதான் அவர் வேலை. பின் சறுக்கிப் போக வேண்டுமா, லேசாகத் தட்டினால் போக வேண்டுமா, அடித்து இறக்கினால் இந்த ஜென்மத்தில் வெளியே வரக்கூடாதா என்று முதலில் கேட்பார். அதற்கேற்பத் துளைக்கு மேலும் கீழும் ஒரு எல்லை, பின்னுக்கு மேலும் கீழும் ஒரு எல்லை எழுதுவார். அந்த எல்லைகள் மைக்ரானில் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனை எழுபது எண்பதாகப் பிளந்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். எல்லைக்கு ஒரு மைக்ரான் வெளியே போனாலும் சிவப்புப் பெயின்ட். பேட்டையில் அவர் பெயர் தெய்வசிகாமணி என்று பாதிப் பேருக்குத் தெரியாது. 'ரிஜெக்ட்டண்ணன்' என்றால் டீக்கடைக்காரர்கூடக் கை நீட்டி வழி காட்டுவார்.

மனைவி காலமாகி ஒன்பது வருஷம். ஒரே மகள் கோகிலவாணி, பேட்டை முனையில் உள்ள மருந்துக்கடையில் மருந்து எடுத்துக்கொடுக்கிறவள், இருபத்தெட்டு முடிந்துவிட்டது. அவளுக்கு வந்த நான்கு வரன்களையும் சிகாமணி திருப்பி அனுப்பியிருந்தார். ஒருவன் வலது தோளைச் சாய்த்து நடந்தான். ஒருவன் தேவைக்கு மேல் சிரித்தான். மூன்றாமவனின் தகப்பனார் சட்டைப் பொத்தான் ஒன்று வேறு நிறத்தில் இருந்தது. நான்காமவனிடம் எந்தக் குறையும் தெரியவில்லை, அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மனிதர் மகளை உயிராக நேசித்தார். ஆனால் நேசிக்கிறவர் கையிலும் அந்தச் சிவப்புப் பிரஷ்தான் இருந்தது.

ஐந்தாவதாக வந்தவன் வரன் என்று வரவில்லை. அதே பட்டறையில் லேத் ஓட்டுகிற தண்டபாணி ஒரு திங்கட்கிழமை, அப்போதுதான் துளைபோட்ட வார்ப்பிரும்புக் கட்டியைக் கையுறையோடு தூக்கிவந்து மேஜைமேல் வைத்தான். அது கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது.

"சார், இதப் பாத்துருங்க. அப்பறம் இன்னொண்ணு சொல்லோணுங்க. நானும் உங்க வாணியும் ரெண்டு வருசமா பேசிக்கிட்டிருக்கறமுங்க. உங்க வாயால சரின்னு சொல்லிட்டீங்கன்னா..."

சிகாமணியின் தலைக்குமேல் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. 'ஆறவிட்டு அளக்கவும்.' அவரே தன் கையெழுத்தில் எழுதியது. இரும்பு சூட்டில் விரியும், துளையும் சேர்ந்து விரியும், சூடான சாமானை அளந்தால் அளவு பொய் சொல்லும் என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறார். அன்றைக்கு அவர் பலகையைப் பார்க்கவில்லை, தண்டபாணியைத்தான் பார்த்தார். அளவுமானியைத் துளைக்குள் விட்டார். நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் இருபத்தைந்து மைக்ரான் வரைதான் அனுமதி. முள் முப்பத்தெட்டைக் காட்டியது. பெயின்ட் டப்பாவைத் திறந்தார்.

"ரெண்டும் ரிஜெக்ட்," என்றார்.

மறுநாள் பத்து மணிக்குத்தான் சரசாத்தாள் அந்தப் பின்னைச் சொருகினாள்.

அதிசயம் நடந்த ஊரில் ஜனங்கள் வாய்பிளந்து நிற்பார்கள் என்று நினைப்பது அதிசயம் நடக்காத ஊர்க்காரர்கள். கருமலைப் பிரிவில் முதல் கேள்வியே 'இதை எதற்குப் பயன்படுத்தலாம்' என்பதுதான். லேத் ஓட்டுகிறவர்கள் மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்: துளை வெறுமனே ஏற்றுக்கொள்ளவில்லை, கேட்ட மாதிரி ஏற்றுக்கொள்கிறது. நந்தியின் காதில் சொல்வதுபோலத் துளையின் வாயருகே குனிந்து 'சறுக்கிப் போகணும்' என்றால் பின் வெண்ணெயில் இறங்கியது போல இறங்கும். 'பிரஸ் ஃபிட்' என்று சொல்லிவிட்டால் சுத்தியால் மூன்று அடி வாங்காமல் உள்ளே போகாது, உள்ளே போனபின் யார் இழுத்தாலும் வராது. சொன்னவனே மறுபடி குனிந்து 'போதும்' என்றால்தான் விடும். மரையுள்ள போல்ட்டை வைத்தால் அதற்கேற்ற மரை உள்ளே இருக்கும், அடுத்தவன் வேறு மரையோடு வந்தால் அதுவும் இருக்கும்.

ஒரு வாரத்தில் கட்டி ஸ்கிராப்பிலிருந்து அலுவலக மேஜைக்கு வந்தது, ஒரு மாதத்தில் அலுவலகத்திலிருந்து சொந்தக் கொட்டகைக்குப் போனது. குழந்தைவேலு தொழிற்பேட்டை சங்கத்தின் தலைவர். எதற்கும் கொட்டகை போட்டுத் திறப்புவிழா வைக்காமல் அவரால் இருக்க முடியாது. முப்பது பட்டறைகளும் செய்கிற பின்னையெல்லாம் துளையில் விட்டுப் பார்த்து, 'துளையில் சரிபார்க்கப்பட்டது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்பத் தொடங்கின. வெளியூர்க் கம்பெனிகளிலிருந்து கோட்டுப் போட்ட தணிக்கையாளர்கள் வந்தார்கள், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு தங்கள் பையிலிருந்து தங்கள் பின்னை எடுத்துத் துளையில் விட்டார்கள், அது பொருந்தியதும் முகம் இளகி, சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் கொடிக்கம்பத்தோடு வந்தார்கள், இரண்டும் பொருந்தின, துளை நம்ம ஆள் என்று இரண்டு பேரும் போஸ்டர் ஒட்டினார்கள்.

ஆனால் கூட்டம் சேர்ந்தது பின்னோடு வந்தவர்களால் அல்ல, வெறுங்கையோடு வந்தவர்களால். சரசாத்தாள் சொன்னது பரவியிருந்தது. விரலை உள்ளே விட்டால் யாரோ நம்மைச் சரி என்று சொன்ன மாதிரி இருக்கும். அவ்வளவுதான், வேறு பலன் ஒன்றும் கிடையாது. அதற்கே சனங்கள் வெயிலில் வரிசை நின்றார்கள்: பத்தாம் வகுப்பில் மூன்று முறை தோற்றவன், மாமியார் வீட்டில் ஒருநாளும் நல்ல பெயர் வாங்காதவள், தம்பிமார் பேசாமல் விட்டுவிட்ட அண்ணன், பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போன வீட்டுப் பெண். ஒவ்வொருவராக விரலை விட்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த வரிசையில் நிற்கத் தகுதியில்லாதவர் யார் இருக்கிறோம்?

சிகாமணி மட்டும் போகவில்லை. இன்ஸ்பெக்ஷன் மேஜை அவரோடு சேர்ந்து மூலைக்குத் தள்ளப்பட்டது, பிறகு அதன்மேல் வெற்றிலைப் பெட்டியும் டிபன் கேரியரும் வைக்கத் தொடங்கினார்கள். யாரும் எதையும் அளப்பதில்லை; துளை சரி சொல்கிறபோது மைக்ரோமீட்டரை எதற்குத் துடைப்பது?

"ஏனுங்க சிகாமணி, இனி உங்களுக்கு ரெஸ்ட்டுங்க. எல்லாத்தையும் துளையே பாத்துக்குமுங்க," என்றார் குழந்தைவேலு, நல்லெண்ணத்தோடுதான்.

"எல்லாத்தையும் உள்ள விடறது எப்பிடிங்க மொதலாளி கேஜ் ஆகும்? ஒண்ணையாவது வேண்டாம்னு சொல்லோணுமில்லீங்க?"

"வேண்டாம் வேண்டாம்னு சொல்லிச் சொல்லி உங்களுக்கு நாக்கே தடிச்சுப் போச்சுங்க. பாருங்க, ஊரே சந்தோசமா இருக்குது."

வாணியும் தண்டபாணியும் சித்திரையில் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஜாதகம் பார்க்கவில்லை, இரண்டு பேரும் மோதிர விரலைத் துளையில் விட்டார்கள், இரண்டும் பொருந்தியது, சங்கத் தலைவர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார். கல்யாணத்துக்கு ஊர் முழுக்க மலைக்கோயிலுக்குப் போனது. சிகாமணி அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து, ஒருவரும் கேட்காத ஒரு டிராயிங்குக்கு எல்லைகள் எழுதிக்கொண்டிருந்தார். அதன்பின் ஐந்து மாதம் தகப்பனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. மருந்துக்கடை அவர் போகிற வழியில்தான் இருந்தது; அவர் வழியை மாற்றிக்கொண்டார். பிரஷர் மாத்திரை வாங்க டவுனுக்கு பஸ் ஏறினார்.

இனி ராட்டினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருமலைப் பிரிவில் ஆயுத பூஜையன்று சாயங்காலம் ராட்டினம் சுற்றுவது வழக்கம். வாடகை ராட்டினம் இல்லை, முப்பது பட்டறைகளும் சேர்ந்து செய்த சொந்த ராட்டினம். வருஷம் முழுக்கக் கழற்றிக் கிடக்கும். பூஜைக்குப் புதுப் பின், புது நட்டு போட்டு நிமிர்த்துவார்கள். பன்னிரண்டு தொட்டில், தொட்டிலுக்கு இரண்டு பின், உச்சி நாற்பதடி. அந்த வருஷம் பேட்டையில் கல்யாணமான ஜோடியை உட்காரவைத்து முதல் சுற்று விடுவார்கள். இந்த வருஷம் கல்யாணமானது ஒரே ஜோடி.

பூஜையன்று காலை பத்து மணிக்கு சிகாமணி மைதானத்துக்குப் போனார். ராட்டினத்தின் எதிரே பெரிய பித்தளைத் தாம்பாளங்களில் இருபத்துநான்கு பின்னும் நட்டுகளும் சந்தனப் பொட்டோடு வெயிலில் கிடந்தன. பத்துப் பட்டறைகள் பங்கு போட்டுச் செய்தவை. துளைக்கட்டியைப் பட்டுத்துணி போட்ட மேஜையில் வைத்திருந்தார்கள்; தலைவர் ஒவ்வொரு பின்னாக அதில் விட்டு எடுத்துக் கொடுப்பார், கொடுத்ததைத் தொட்டிலில் மாட்டுவார்கள், அதுதான் நிகழ்ச்சி நிரல். சிகாமணி தாம்பாளத்திலிருந்து இரண்டு பின்னை எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, மேலாக விரலை ஓட்டினார். இருபத்தெட்டு வருஷம் அளந்த விரல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகையில் விரல் படி இறங்கியது.

அவர் ராட்டினத்தை நிமிர்ந்து பார்த்தார். துளைக்குள் எந்தப் பின்னும் பொருந்தும். தொட்டிலின் துளையோ சாதாரணத் துளை, அதற்குக் கருணை கிடையாது. மெலிந்த பின் அதில் ஆடும், ஆடி ஆடி நட்டைத் தளர்த்தும், நட்டு கழன்றால் பின் கழலும், பின் கழன்றால் தொட்டில் கழலும். தொட்டிலில் வாணி இருப்பாள்.

"மொதலாளி, இந்தப் பின்னுகள அளக்காம மாட்டாதீங்க. கும்புட்டுக் கேட்டுக்கறனுங்க."

"துளை ஓகே சொல்லுமுங்க. பத்து நிமிசம் பொறுங்க, நீங்களே பாருங்க."

சிகாமணி பையிலிருந்து கேஜை எடுத்தார். இரண்டு முனையுள்ள உருளை அது: பச்சை முனை நல்ல துளைக்குள் போக வேண்டும், 'நோ-கோ' என்கிற சிவப்பு முனை எந்த நல்ல துளைக்குள்ளும் போகக்கூடாது. எல்லோரும் பார்க்கும்படி சிவப்பு முனையைத் துளைக்கட்டிக்குள் விட்டார். அது அலுங்காமல் இறங்கியது.

"பாத்தீங்களா? போகக்கூடாததும் போகுது!"

கூட்டம் எட்டிப் பார்த்தது. பிறகு யாரோ கைதட்டினார்கள், கைதட்டல் பரவியது. "நோ-கோவையே உள்ள விட்டுருச்சுங்க! என்னா பெரிய மனசு!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரசாத்தாள் குலவை போட்டாள். தலைவர் ஒலிபெருக்கியை வாங்கி, நம் துளையின் பெருமைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார்.

அப்போதுதான் சிகாமணி அந்தக் காரியத்தைச் செய்தார். கேஜை உருவிப் பைக்குள் போட்டார். மேஜையருகே குனிந்தார். துளையின் வாயில் மெல்ல, ஆனால் தெளிவாக, "பிரஸ் ஃபிட்," என்றார். வலதுகை ஆட்காட்டி விரலை வைத்து, இடதுகையால் பலங்கொண்ட மட்டும் அழுத்தினார். விரல் மூன்றாவது கணு வரை இறங்கி இறுகிப்போனது.

"அளக்கற வரைக்கும் நான் எடுக்கமாட்டனுங்க," என்றார். வலியில் அவர் நெற்றி வேர்த்திருந்தது.

துளை இல்லாமல் பூஜை இல்லை, பூஜை இல்லாமல் ராட்டினம் இல்லை. முப்பது முதலாளிகளும் கூடிப் பேசினார்கள். வெளியே எடுப்பது எப்படி என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், ஆயிரம் பிரஸ் ஃபிட்டைக் கழற்றியவர்கள்: உள்ளே இருப்பதைக் குளிரவைக்க வேண்டும், வெளியே இருப்பதைச் சூடாக்க வேண்டும். ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வந்தது, விரலைச் சுற்றிக் கட்டினார்கள். யாரோ ப்ளோ லாம்ப்பைப் பற்றவைத்துக் கட்டியை நோக்கிக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருப்பது மனிதர் விரல் என்று சரசாத்தாள் நினைவூட்டிய பிறகு அணைத்தார்கள். நான்கு பேர் இழுத்தார்கள். சிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாரே தவிர, 'போதும்' என்று சொல்லவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்டபாணி வந்தான். பட்டுவேட்டி, புதுச் சட்டை, கழுத்தில் மாலை. அவனுக்குப் பின்னால் வாணி. அவள் அப்பாவின் விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் அளக்கறனுங்க," என்றான் தண்டபாணி. "நாந்தான அதுல உக்காரப் போறேன்."

மைக்ரோமீட்டர் சிகாமணியின் சட்டைப்பையில் இருந்தது. பூஜையன்று கருவிகளைத் தொடக்கூடாது என்று ஒருவர் முணுமுணுத்தார். தண்டபாணி ஒவ்வொரு பின்னாக எடுத்து அளந்து அளவைச் சொன்னான், சிகாமணி நின்ற இடத்திலிருந்து தீர்ப்புச் சொன்னார். மெலிசு, ரிஜெக்ட். தடிப்பு, ரிஜெக்ட். தடிப்பு, ரிஜெக்ட். இருபத்துநான்கில் பத்தொன்பது ரிஜெக்ட். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. மாதக்கணக்கில் வாயில் தேங்கிக் கிடந்த சொல் அது, மனிதர் ருசித்துச் சொன்னார்.

தண்டபாணி மைக்ரோமீட்டரைக் கீழே வைத்தான்.

"இது செல்லாதுங்க."

"என்னது?"

"காலைல இருந்து பின்னெல்லாம் வெயில்ல கெடக்குதுங்க. தொட்டுப் பாருங்க, சுடுது. சூட்டுல எல்லாமே தடிப்பாத்தான் காட்டும்." அவன் கொஞ்சம் தயங்கினான். "ஆறவிட்டு அளக்கோணும்னு நீங்கதானுங்க எழுதி மாட்டியிருக்கறீங்க. அன்னிக்கு நான் போட்ட துளையவும் சூடாத்தான் அளந்தீங்க. நான் ஒண்ணும் சொல்லல. சொன்னாலும் அன்னிக்கு உங்க காதுல ஏறியிருக்காதுங்க."

சிகாமணி பெரிய கூட்டத்தின் நடுவில் தன் பலகை தன் தலைமேலேயே விழுந்தது போல நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பேரை வெட்கப்பட வைத்தவர் அது எப்படியிருக்கும் என்று ஐம்பத்தாறாவது வயதில்தான் தெரிந்துகொண்டார்.

தாம்பாளங்களை வேப்பமர நிழலுக்கு நகர்த்தினார்கள். ஈரத்துணி போடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், தானாக ஆறட்டும் என்றார் சிகாமணி. தொழிற்பேட்டை முழுவதும், முதலாளிகளும் லேத்காரர்களும் விழாவுக்கு வந்திருந்த கோட்டுப் போட்ட தணிக்கையாளர் இருவரும், இருபத்துநான்கு பின் ஆறுவதற்காக மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். இரும்பு ஆற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆனது. மனிதர்கள் அவசரப்பட்டார்கள் என்பதற்காக அது முன்கூட்டி ஆறவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து சிகாமணி தொண்டையைச் செருமினார்.

"ஆறிப்போச்சுங்களா, மாப்பள?"

வாணி தலையை நிமிர்த்தினாள். தண்டபாணி ஒரு பின்னை எடுத்து, தேவைக்கு மேல் நேரம் கையில் வைத்திருந்தான்.

"ஆறிருச்சுங்க, மாமா."

ஆறிய பின் அளந்ததில் தடிப்பு என்று தள்ளிய பன்னிரண்டும் எல்லைக்குள் வந்துவிட்டன. மெலிசான ஏழு மெலிசாகவே இருந்தன. அதில் ஒன்று அரை மில்லிமீட்டர் குறைவு, கண்ணை மூடிக்கொண்டு செய்ததாகத்தான் இருக்க வேண்டும். நட்டுகளில் ஐந்தின் மரைக்குள் மரைக் கேஜின் சிவப்பு முனை சுகமாகச் சுற்றிக்கொண்டு போனது. அரை மில்லிமீட்டர் குறைந்த பின்னின் அடியில் இருந்த பட்டறை முத்திரையைத் தலைவர் பார்த்தார். அது அவருடையது. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்.

ஏழு பின், ஐந்து நட்டு செய்ய வேண்டும். லேத்துகள் எல்லாம் சந்தனம் பூசி, மாலை போட்டு, ஓய்வில் இருந்தன. பூஜை போட்ட மெஷினை அன்றைக்கே ஓட்டினால் ஆகாது என்று பலமான எதிர்ப்பு கிளம்பியது.

"அது நல்லா ஓடணும்னுதானுங்க பூஜையே போட்டோம்," என்றார் சிகாமணி.

தண்டபாணி லேத்தின் மாலையைக் கழற்றித் தன் மாலையோடு சேர்த்து ஆணியில் மாட்டினான், பட்டுவேட்டியை மடித்துக் கட்டினான், ஓட்டினான். ஒவ்வொரு பின்னும் நட்டும் நிழலில் ஆறி, மைக்ரோமீட்டரையோ கேஜையோ பார்த்து, சரி வாங்கிக்கொண்டு போனது. நான்கரை மணிக்கு எல்லாம் தொட்டிலில் ஏறிவிட்டன.

"இப்பவாச்சும் எடுங்க," என்றார் குழந்தைவேலு.

சிகாமணி குனிந்து, "போதும்," என்றார். விரல் வரவில்லை. சத்தமாகச் சொன்னார். வரவில்லை. யார் எது கேட்டாலும் கொடுத்த துளை, அவர் கேட்டதை மட்டும் கொடுக்கவில்லை. விரல் நீலம் பாரித்திருந்தது. கூட்டத்தில் ஒருவர் ஆஸ்பத்திரி என்றார், ஒருவர் அறுவைக் கத்தி என்றார்.

சிகாமணி கட்டியின் பக்கவாட்டைப் பார்த்தார். பட்டுத்துணிக்கு மேலே, பூமாலைக்கு அடியில், அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி இன்னும் இருந்தது. இத்தனை பேர் கும்பிட்டும், இத்தனை ஸ்டாம்ப் குத்தியும், அதை அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இந்தத் துளை சரிங்க," என்றார். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "நான்தான் தப்பு. கோவத்துல, ஆறவிடாம அளந்துட்டேன். இதுவும் சரி. இதப் போட்டவரும் சரி."

வாணி கைப்பையைத் திறந்தாள். மருந்துக்கடைக்காரி பையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் எப்போதும் இருக்கும். பஞ்சை நனைத்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே, சிவப்புக் குறியைத் தேய்க்கத் தொடங்கினாள். பழைய பெயின்ட், லேசில் போகவில்லை. ஒரு கோடு போயிற்று, பிறகு மறு கோடு. கடைசிச் சிவப்புப் பஞ்சுக்கு வந்ததும் விரல் தானாக வெளியே வந்தது.

தண்டபாணி அளவுமானியைத் துளைக்குள் விட்டான். இருபது மைக்ரான். எல்லைக்குள் தாராளமாக இருந்தது.

அதோடு துளை வெறும் துளையாகிவிட்டது. சரசாத்தாள் ஓடிவந்து சுண்டுவிரலை விட்டாள்; நாற்பது மில்லிமீட்டர் துளைக்குள் விரல் கிணற்றில் தொங்கும் கயிறு போலத் தொங்கியது. அவள் அழுதுவிட்டாள். கொடிக்கம்பம் ஆடியது, தணிக்கையாளரின் பின் போகவே இல்லை. ஊருக்கு வந்த கோபம் முழுக்க சிகாமணிமேல் திரும்பியது. ரிஜெக்ட் செய்தபோது பேசாமல் இருந்திருக்கலாம், இல்லை என்றால் ரிஜெக்ட்டாகவே விட்டிருக்கலாம், இவர் போய் ஓகே சொன்னதால்தானே போயிற்று என்றார்கள். சங்கம் அங்கேயே கண்டனத் தீர்மானம் போட்டது. தலைவர் முன்மொழிந்தார், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சிகாமணிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ராட்டினத்தடியில் நின்று ஒவ்வொரு நட்டையும் இடதுகையால் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்களும் வாங்க," என்று தொட்டிலில் இருந்து தண்டபாணி கூப்பிட்டான், வாணியை ஒட்டிக் கொஞ்சம் நகர்ந்தும் கொடுத்தான். சிகாமணி இருக்கையைக் கண்ணால் அளந்தார்.

"டிராயிங் ரெண்டு பேருக்குத்தானுங்க. போயிட்டு வாங்க."

ராட்டினம் சுற்றத் தொடங்கியது. சிகாமணி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். இருபத்துநான்கு பின்னில் ஒன்றுகூடப் பேசவில்லை. முதல் சுற்றில் தொட்டில் கீழே வந்தபோது வாணி அவரைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே மேலே போய்விட்டாள். இரண்டாம் சுற்றில் கீழே வந்தபோது, "அப்பா," என்றாள், அதற்குள் தொட்டில் ஏறிவிட்டது. சிகாமணி கழுத்தை நிமிர்த்தி, நாற்பதடி உயரம் போய் அது திரும்பி வரும்வரை அசையாமல் காத்திருந்தார். மூன்றாம் சுற்றில், "அந்த வெரல," என்றாள். நான்காம் சுற்றில், "தண்ணி படாம வெச்சுக்குங்க," என்றாள். ஐந்தாம் சுற்றில், "நாளைக்கு நம்ம கடை வழியா வாங்க, கட்டுப் போட்டுவிடறேன்," என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டாள், ஏனென்றால் அதுதான் கடைசிச் சுற்று.